செல்வராணி அக்காவும் பெண்கள் பெட்டியின் டோக்கன் பையும்

செல்வராணி அக்கா இறந்த செய்தி அவருடைய கைப்பேசியிலிருந்தே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆலயத்திலிருந்து திரும்பி நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். “செல்வராணி இன்று காலை நெஞ்சுவலியால் காலமானார். நாளை நாலு மணிக்கு அடக்கம்” என்று எங்கள் ரயிலின் பெண்கள் பெட்டி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வரி. நம்மில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. நம்பக் கூடாது என்று நமக்குச் சொன்னவரே அவர்தான். “எழுத்த நம்பாதீங்கடி. யார் விரல் தட்டுச்சுன்னு எழுத்து சொல்லாது. குரலக் கேளுங்க” என்று ரயிலில் எத்தனை முறை கத்தியிருப்பார்!

அதனால் எல்லோரும் குரலைக் கேட்டோம். ஒவ்வொருவராக அந்த எண்ணுக்கு அழைத்தோம். அவருடைய கணவர் அந்தோணி அண்ணன்தான் எடுத்தார். அடக்கத்தின்போது அவர் என் அம்மாவிடம் சொன்னார்: “அழக்கூட விடலமா உங்க பொம்பளைங்க. போன் மேல போன். ‘அண்ணா, நீங்கதானா? வீடியோல வாங்க, முகத்தக் காட்டுங்க’ன்றாங்க. இன்னா ட்ரெய்னிங் குடுத்து வெச்சிருக்கா இவ!” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார்.

அந்தப் பெட்டியில் ஏறாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். நான் கேஜிஎப் தங்கச் சுரங்கப் பகுதியில் இருக்கும் ஊரிகத்தில் ரயிலேறி பங்காருபேட்டையில் பள்ளிக்குப் போகிறேன். காலை ரயிலின் பெண்கள் பெட்டியில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் எட்டாம் வகுப்பில் முதல்முறையாக அதில் ஏறியபோது, ஒரு மூலையில் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் இருந்தவர் என் புத்தகத்தைக் கையால் தாழ்த்தி, “ஏய் பொண்ணு, இந்தப் பெட்டில எத்தினி பேர் கண்ணாடி போட்டிருக்காங்க, பார்க்காம சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை. “புத்தகத்துல எல்லாம் கீது. இங்க இருக்கிறது புத்தகத்துல இல்ல. பார்த்துட்டு அப்பால படி” என்றார். நான் அவரை ஆன்ட்டி என்றேன். “ஆன்ட்டின்னா அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல்ல இறக்கி விட்டுடுவேன். அக்கான்னு சொல்லு.” அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அவர் ஒன்றும் சாந்தமான பெண்மணி அல்ல. யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் முதல் வாய் அவருடையது. கைப்பேசியில் தாயம் ஆடித் தோற்றால், சிக்னல் சரியில்லை என்று சாதிப்பார். அவர் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

அந்த வேலை இதுதான். மாதச் சந்தா கட்டுகிறவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய பக்கங்களை நடத்தும் இணையதளங்கள் இருக்கின்றன. சமையல், உடற்பயிற்சி, நடனம், பெரியவர்களுக்கு மட்டுமானவை என எல்லாம் அதில் உண்டு. ஒரு பக்கத்தில் தோன்றும் பெண் தன் விருப்பத்தோடுதான் தோன்றுகிறாளா, அல்லது அவளுக்குப் பின்னால் நின்று யாரோ அவளை ஆட்டிவைக்கிறார்களா என்று சோதிக்கும் அலுவலகம் ஒன்றில் அக்கா பணி செய்தார். “நான் பார்த்தத வெளிய சொல்ல மாட்டேன், கையெழுத்து போட்டிருக்கேன். எப்படிப் பார்க்கணும்னு சொல்றதுக்குத் தடை இல்ல” என்பார். ஒரே ஒரு தடவை இப்படிச் சொன்னார்: “பத்துப் பொண்ணுங்க, பத்துப் பேரு, பத்துப் பக்கம். ஆனா பத்துப் பேர் பின்னாலயும் ஒரே திரைச்சீலை தொங்குதுன்னு வெச்சுக்கோ. அப்போ அந்த வீட்டுச் சாவி ஒருத்தன் கையில இருக்குன்னு அர்த்தம்.”

இனி டோக்கன் பை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாப்ட் என்ற செங்குத்துக் குழியில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் இருந்ததை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். இறங்கும்போது பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். ஒருவர் டோக்கனை இன்னொருவர் எடுக்கவே கூடாது. அப்படி எடுத்தால், கீழே மாட்டிக்கொண்டவன் மேலே வந்துவிட்டதாக ஆகிவிடும். அவனை யாரும் தேடப் போக மாட்டார்கள்.

அக்கா இதைப் பெண்கள் பெட்டிக்குக் கொண்டுவந்தார். ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை வட்டமாக வெட்டி, எண் எழுதி, ஒரு துணிப்பையில் போட்டார். புது வேலைக்கோ நேர்காணலுக்கோ போகும் பெண், எங்கே போகிறாள், யார் கூப்பிட்டார்கள் என்று ஒரு சீட்டு எழுதி, டோக்கனோடு சேர்த்துக் குத்திப் பையில் போட வேண்டும். திரும்பியதும் தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். அது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. “இன்னா செல்வராணி, நாங்க இன்னா நாலாயிரம் அடி லெவலுக்கா போறோம்?” என்று கனகம்மா அக்கா கிண்டல் செய்வார். கனகம்மா அக்கா ஒரு பெரிய அலுவலகத்தில் துப்புரவு மேற்பார்வை செய்கிறவர். “ஷாப்ட்ல லைட்டாவது கீது. இந்த ஆன்லைன் வேலைல அதுவும் இல்ல” என்பது செல்வராணி அக்காவின் பதில்.

பதினேழாம் எண் டோக்கன் என் அக்கா மெர்சியுடையது. அவள் இதைப் படித்துவிட்டாள். தன் பெயரை எழுதச் சொன்னதும் அவள்தான்.

மெர்சிக்கு இருபத்தொரு வயது. பி.காம். முடித்து எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஆன்லைனில் நகையும் உடையும் அணிந்து காட்டும் வேலை என்று கைப்பேசியில் ஒரு பெண் அவளிடம் இனிமையாகப் பேசினாள். மூன்று நாள் பயிற்சி, தங்க இடம் இலவசம். போகும்போது மெர்சி சீட்டு எழுதி, டோக்கனையும் பையில் போட்டாள். மூன்று நாள் முடிந்தும் வரவில்லை. நாலாம் நாள் அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது: “பயிற்சியை நீட்டிட்டாங்க. நான் சந்தோஷமா இருக்கேன். கவலைப்படாதீங்க.”

செல்வராணி அக்கா அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். பை கனகம்மா அக்காவிடம் இருந்தது. தினமும் காலையில் பெட்டியில் யாராவது, “பியூலா, உங்க அக்கா இன்னும் மேல வரலியா?” என்று கேட்பார்கள். வீட்டில் அதைச் சொன்னால் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். “ஊரே பேசுது பார். அதான் மெசேஜ் வந்துச்சே, அந்த மூடிய எடுத்துட்டு வந்துடு” என்றார். ஏழாம் நாள் காலையில் நான், “அக்காகிட்டருந்து மெசேஜ் வந்துடுச்சு” என்று சொல்லி, பதினேழாம் எண்ணை எடுத்து என் ஜாமெட்ரி பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. கேஜிஎப்பில் பிறந்த நான் அதைச் செய்தேன் என்பதை இப்போதும் என்னால் சுலபமாக எழுத முடியவில்லை.

மறுநாள் செல்வராணி அக்கா வந்தார். உட்காருவதற்கு முன்பே பைக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

“மெர்சி வந்துட்டாளா? எங்க அவ?”

“வரலக்கா. மெசேஜ்…”

“அவ டோக்கன யார் எடுத்தது?”

நான் எழுந்து நின்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்க அக்கா கீழ இருக்கா. நீ அவ மேல வந்துட்டான்னு எழுதிட்டே” என்றார். என் கையிலிருந்து டோக்கனை வாங்கிப் பையில் போட்டார். பங்காருபேட்டையில் என்னோடு அவரும் இறங்கினார். கனகம்மா அக்காவும் இறங்கினார். அவர்கள் போக வேண்டிய ரயில் கிளம்பிப் போனது.

செல்வராணி அக்கா நடைமேடையிலிருந்து மெர்சிக்கு அழைத்தார். எடுக்கவில்லை. “ஷூட்டில் இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று எழுத்து வந்தது. அக்கா பதிலுக்குத் தட்டினார்: “பெரியம்மா பேசறேன். உங்க அம்மாவுக்கு மயக்கம். வீடியோல முகம் காட்டு, இல்லன்னா நாங்க எல்லாம் கிளம்பி வர்றோம்.” பத்து நிமிடத்தில் வீடியோ அழைப்பு வந்தது.

மெர்சி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் கண் இடதுபக்கம் போய்த் திரும்பியது. செல்வராணி அக்காவின் குரலில் அப்போது வழிந்த தேனை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்லடி, பிரஷர்தான். ஐயோ, பச்சை சுடிதாரு எவ்ளோ அழகா கீது! எழுந்து நில்லு, முழுசா பார்க்கலாம்.”

மெர்சி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். செல்வராணி அக்கா என் கையை அழுத்தினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அப்பால ஒரு சின்ன விஷயம். உன் டோக்கன உன் தங்கச்சியே எடுத்துட்டா. சரிதானே? விட்டுடலாமா?”

மெர்சியின் சிரிப்பு அப்படியே இருந்தது. “இல்ல பெரியம்மா. அது என்னுது. பையிலயே இருக்கட்டும். நான் வந்து என் கையால எடுத்துக்கறேன்” என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மெர்சிக்குப் பக்கத்தில் இருந்த ஆளுக்கு அது ஏதோ பெண்கள் கட்டும் ஏலச்சீட்டு என்று தோன்றியிருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

“ஜன்னல்ல இன்னா பார்த்தே?” என்றார் அக்கா.

“வளைஞ்சு போற மெட்ரோ பாலம். பக்கத்துல பாதி கட்டின கட்டடம். அதுமேல ரெண்டு மஞ்சள் கிரேன். ஒண்ணுல சிவப்புக் கொடி.”

“அரே!” என்று கனகம்மா அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். “அது எங்க ஆபீஸ் பின்பக்கம்டி! அந்தக் கொடியப் பார்த்துட்டேதான் தினம் டீ குடிக்கிறேன்!” மெர்சி எழுதிவைத்திருந்த முகவரி அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அம்மாவை ஊரிகத்திலிருந்து வரவழைத்து, அடுத்த ரயிலில் நால்வரும் கிளம்பினோம். புகாரை எழுதும் வேலை எனக்கு. “கட்டுரைல பரிசு வாங்கறவ நீதானே, எழுது” என்றார் செல்வராணி அக்கா. நான் எழுதினேன். கொடூரமான கயவர்கள், அப்பாவிப் பெண்ணின் கண்ணீர், இரக்கமற்ற உலகம் என்று ஒரு பக்கம். அவர் படித்துப் பார்த்து, பேனாவை வாங்கி முக்கால்வாசியை அடித்தார். “கண்ணீர நீ பார்த்தியா? பார்க்கல. கிரேன பார்த்தே. கிரேன எழுது.” இரண்டாவது தடவை எழுதியதில் தேதி, நேரம், செய்திகள், சீட்டில் இருந்த முகவரி, ஜன்னல், மெர்சி கடைசியாகச் சொன்ன வாக்கியம் ஆகியவை மட்டும் இருந்தன.

காவல் நிலையத்தில் செல்வராணி அக்கா அதைக் கன்னடத்தில் சொல்ல, பெண் இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, உட்காருங்கள் என்றார். “வயசு வந்த பொண்ணு. தானா போயிருக்கா. சந்தோஷமா இருக்கேன்னு எழுதியிருக்கா. ரெண்டு நாள் பாருங்க” என்றார். அம்மா உட்கார்ந்துவிட்டார். செல்வராணி அக்கா உட்காரவில்லை.

“மேடம், அவ போனதுக்கு அவ சம்மதம் இருக்கு. திரும்பி வர்றதுக்கு யார் சம்மதம் வேணும்? அத மட்டும் போய்க் கேட்டுட்டு வாங்க. கதவ அவ கையாலேயே திறந்தா நான் மன்னிப்பு எழுதிக் குடுக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கனகம்மா அக்கா காட்டிய இடத்தில், பாலமும் கொடி கட்டிய கிரேனும் சேர்ந்து தெரிகிற வீடு ஒன்றுதான் இருந்தது. அதன் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. உள்ளே மெர்சியும் வேறு நான்கு பெண்களும், வாசலில் அவர்களைக் காவல் காத்த ஓர் ஆளும். கைப்பேசிகளும் ஆதார் அட்டைகளும் ஒரு பீரோவில் இருந்தன. ஐந்து பேர் பெயரிலும் ஐந்து சந்தாப் பக்கங்கள் திறக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெண்களைப் போலப் பேசிச் சந்தாவுக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு ஆண்கள். பூட்டிய வீட்டில் நடந்ததை இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அது மெர்சியின் வாக்குமூலம். அவள் அதை நிமிர்ந்து உட்கார்ந்து கொடுத்தாள். மூன்று பேர் கைதானார்கள். ஐந்து பெண்களும் ஒரே சுவர், ஒரே திரைச்சீலை முன்னால்தான் படமெடுக்கப்பட்டிருந்தார்கள்.

செல்வராணி அக்கா அலுவலகத்தில் தன் கணினியைத் திறந்து அந்தப் பக்கங்களைத் தானே மூடியிருக்கலாம் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். அவர் அதைச் செய்யவில்லை. தெரிந்தவர்கள் சம்பந்தப்பட்டது என்று மேலாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டு, எல்லாப் பொதுமக்களையும் போலப் புகார்ப் படிவத்தில் எழுதினார். “நாளைக்கு அவனுங்க வக்கீல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கக் கூடாது பாரு” என்றார். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஐந்து பக்கங்களும் மூடப்பட்டன.

காவல் நிலையத்தில் மெர்சியைக் கண்டதும் அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஏன்டி போனே, ஏன்டி…” என்று தொடங்கினார். செல்வராணி அக்கா அம்மாவின் தோளைப் பிடித்தார். “மேல வந்தவள மொதல்ல எண்ணணும்க்கா. விசாரணை அப்பால.” அம்மா அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் மாலை ரயிலில், ஒயிட்பீல்டில், நம் பெட்டியில் மெர்சி ஏறியதை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பையை விரித்துப் பிடித்தார். மெர்சி கையை விட்டுத் துழாவி, பதினேழை எடுத்து உயர்த்திக் காட்டினாள். கனகம்மா அக்கா தன் டிபன் பாக்ஸில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அடுத்த நொடி பெட்டியில் இருந்த அத்தனை டிபன் பாக்ஸும் முழங்கின. மாலூரில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் பயந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அக்கா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் என் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் எடுத்தார். நான் அழுதேன். “தப்பு பண்ணதும் நீதான். ஜன்னலப் பார்த்ததும் நீதான். ரெண்டுல ஒண்ண மறந்துட்டாலும் நீ உருப்பட மாட்டே” என்றார்.

பிறகு ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒருவர், “அந்த மாதிரி படத்துல வந்த பொண்ணுதானே” என்று மெர்சியின் காதுபட முணுமுணுத்தார். அக்கா திரும்பி நின்று, நாலு கடைக்குக் கேட்கும்படி, “ஆமாங்க, மூணு பேர ஜெயிலுக்கு அனுப்பின பொண்ணு இவதான். உங்களுக்கு எதாவது உதவி வேணுமா?” என்றார். முணுமுணுத்தவர் குடையை மறந்துவிட்டுப் போனார். இன்று மெர்சி வேலை செய்கிறாள். பெட்டியின் பை அவளிடம் இருக்கிறது. இப்போது மூன்று ரயில்களில் அப்படிப் பைகள் இருக்கின்றன.

நான் எதை வைத்துக்கொண்டேன் என்பதை எழுதிவிட்டு முடிக்கிறேன். வகுப்பில் எனக்கு விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். எழுந்து நின்றாலே குரல் போய்விடும். அடக்கம் முடிந்து பதினைந்தாம் நாள், ஆண்டர்சன்பேட்டையில் அம்மா தையல் சொல்லிக்கொடுக்கும் கூடத்துக்கு, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். ஆன்லைன் வேலை, பெங்களூரில் தங்குமிடம், சொந்தப் பக்கம், சந்தாதாரர்கள் என்று அங்கிருந்த ஆறு பெண்களிடம் பேசினார். நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

“சார், தங்குற வீட்டு அட்ரஸ் எழுதிக் குடுங்க.”

“வண்டி வந்து கூட்டிட்டுப் போகும்மா.”

“பரவால்ல சார், அட்ரஸ் குடுங்க. ஆதார் யார் கையில இருக்கும்? பக்கத்தோட பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கும்? தினம் சாயங்காலம் வீட்டுக்கு வீடியோல பேசலாமா?”

“நீ ஸ்கூல் பொண்ணுதானே? சும்னே உக்காரு, பேசாத.”

நான் உட்காரவில்லை. முதலில் என் அம்மாவின் தையல் மெஷின் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற மெஷின்களும் நின்றன. கடைசி வரிசையிலிருந்து தீபா என்ற பெண், “அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்” என்றாள். “ஆமா, சொல்லுங்க” என்றார்கள் மற்றவர்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு கூட்டம் இருக்கிறது என்றார். அவர் வாசல் தாண்டுவதற்குள் அம்மா, வெட்டிவைத்திருந்த ரவிக்கைத் துணியில் வண்டி எண்ணைச் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டார். அந்தத் துணி அன்றைக்கே காவல் நிலையம் போனது. ஆறு பெண்களில் ஒருத்திகூடப் போகவில்லை.

செல்வராணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: பதில் வரும்வரை உட்காராமல் நிற்பது.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் தீபா என்னிடம் வந்தாள். “அடுத்த தடவ எவனாவது வந்தா நான் கேக்கட்டா?”

“கேளு,” என்றேன். “சத்தமா கேளு.”